திருகோணமலையிலிருந்து சைக்கிளில்: நிலாவெளிப் பக்கமா, கொட்டியாரப் பக்கமா?

கேள்வி: உவர்மலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வவுனியாவில் இருக்கும் என் தம்பியும் அவனுடைய மனைவியும், உயர்தரம் படிக்கும் அவர்களுடைய மகளும் தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடையில் ஒரு நீண்ட வார இறுதியில் என் வீட்டுக்கு வர இருக்கிறார்கள். கோணேசர் கோயிலையும் நிலாவெளிக் கடலையும் பஸ்ஸிலும் வானிலும் வந்து பலமுறை பார்த்தவர்கள் என்பதால், இம்முறை சைக்கிளில் மெதுவாகச் சென்று பழைய கிராமங்களையும் களப்புகளையும் கண்டல் காடுகளையும் பறவைகளையும் பார்க்க விரும்புகிறார்கள். நானும் உடன் செல்வேன். எங்களிடம் இருப்பவை கியர் இல்லாத சாதாரண சைக்கிள்கள். ஒரு நாளில் போகவும் வரவுமாக 60 அல்லது 70 கிலோமீற்றர் வரை எங்களால் ஓட்ட முடியும். அதற்கு மேல் என்றால் ஓரிரவு தங்கித்தான் திரும்ப வேண்டும்.

வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் செல்வதா, தெற்கே கிண்ணியா வழியாகக் கொட்டியாரக் குடாவை ஒட்டிய மூதூர்ப் பக்கம் செல்வதா என்பதே என் கேள்வி. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் வடக்கைத்தான் காட்டுகின்றன. ஆனால் ஊரின் வரலாறும் நீர்நிலைகளும் தெற்கில்தான் செறிந்திருக்கின்றன என்று பாடசாலையில் உடன் கற்பிக்கும் மூதூர் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வழியை நன்கு அறிந்தவர்கள் காலம், காற்று, வீதியின் நிலை ஆகியவற்றையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: நிலாவெளி வீதி

வணக்கம், ஆசிரியை அவர்களே. பழக்கமில்லாதவர்கள் முதலில் வடக்கே செல்வதே நல்லது என்பது என் கருத்து. வீதி சமதரையாக இருக்கிறது, தேநீர்க் கடைகளும் சைக்கிள் திருத்துபவர்களும் அடுத்தடுத்து இருக்கிறார்கள், களைத்துவிட்டால் எந்த இடத்திலிருந்தும் திரும்பிவிடலாம். நீங்கள் சொல்லும் தூரத்துக்குக் குச்சவெளி சரியான எல்லை. நகரிலிருந்து ஏறக்குறைய 34 கிலோமீற்றர் வரும்.

பொழுது விடியும் வேளையில் பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து புறப்படுங்கள். அந்த நேரத்தில் கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் தயக்கமின்றி மேய்ந்துகொண்டிருக்கும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் தலத்தைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து அதே மலையில் கோட்டை கட்டினார்கள் என்பதை உங்கள் மருமகளுக்கு அந்த மதில்களைக் காட்டியே சொல்லலாம். அங்கிருந்து உப்புவெளியைக் கடந்தால் ஆறாங்கட்டையில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் வீதியோரமாகவே வரும். புல் வெட்டி, கல்லறைகளைத் துடைத்து, பூச்செடி நட்டு மிகுந்த கவனத்துடன் பராமரிக்கப்படும் அந்த இடத்தில் சற்று நேரம் இறங்கி நின்று, வயதையும் பெயரையும் வாசித்துவிட்டுச் செல்லுங்கள். அவர்களில் பலர் உங்கள் பாடசாலைப் பிள்ளைகளைவிடச் சில வயதே மூத்தவர்கள்.

சாம்பல்தீவுப் பாலத்திலிருந்துதான் நீங்கள் தேடும் நிலக்காட்சி தொடங்குகிறது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் களப்பு, நடுவே மணல்மேட்டின் மீது பனையும் தென்னையும் வீடுகளும் என்று நிலாவெளி கடந்தும் இதே அமைப்புத் தொடர்கிறது. பிரதான வீதியிலேயே ஓடினால் ஹோட்டல் மதில்களை மட்டுமே பார்ப்பீர்கள் என்பதால், சல்லிக்குச் செல்லும் கிளை வீதியில் இறங்கி அம்மன் கோயிலையும் மீனவர் துறையையும் பார்த்துவிட்டு மீண்டும் பிரதான வீதியில் ஏறுவது நல்லது. இறக்கக்கண்டிப் பாலத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். களப்பு கடலோடு கலக்கும் வாய் அது. ஒரு பக்கம் படகுகள் கட்டியிருக்கும், மறுபக்கம் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே கொக்குகள் நிற்கும். காலை வேளையாயின் அங்கிருந்து கும்புறுப்பிட்டி வரையுள்ள கரையில் எங்கேனும் கரைவலை இழுப்பதைக் காணலாம். வலை ஏறும் நேரத்தில் கயிற்றைத் தாண்டி நடப்பதையும் நடுவில் நின்று படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். கேட்டுக்கொண்டு கயிற்றில் ஒரு கை கொடுத்தால் அவர்கள் மகிழ்வார்கள்.

குச்சவெளியில் கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையில் பழைய பௌத்த விகாரையின் இடிபாடுகளும், பாறையில் செதுக்கிய சிறு தூபி உருவங்களும், ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டும் உள்ளன. அதற்கப்பால் திரியாய் ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஊரார் கந்தசாமிமலை என்று அழைக்கும் குன்றின் மேலுள்ள வட்டத் தூபி இல்லத்தையும், பல்லவ கிரந்தத்தில் பொறித்த பாறைக் கல்வெட்டையும், கீழே நீலப்பனிக்கன் குளத்தையும் பார்க்க வேண்டுமானால் குச்சவெளியில் இரவு தங்குவதே முறை. குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் மாலையில் யானை இறங்கும் என்பதால் அங்கே நான்கு மணிக்குப் பிறகு சைக்கிளில் இருக்க வேண்டாம். கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சிறந்த இடந்தான் என்றாலும், அது புல்மோட்டைக்கும் அப்பால் இருப்பதால் உங்கள் இரண்டு நாளுக்குள் அடங்காது.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். படகு, சீட்டு, காத்திருப்பு என்று அரைநாள் போய்விடும். தை, மாசியில் கடலும் தெளிவாக இருக்காது.

பதில்: கொட்டியாரபுரம்

ஆசிரியை அவர்களுக்கும் நிலாவெளி நண்பருக்கும் வணக்கம். வடக்கைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரியே. ஆயினும் கேள்வியில் களப்பு, கண்டல், பழைய கிராமம் என்ற மூன்றும் ஒன்றாகக் கேட்கப்பட்டிருப்பதால், அவை மூன்றும் ஒரே வீதியில் கிடைக்கும் கொட்டியாரக் குடாவைத்தான் நான் சொல்வேன். மூதூரில் பிறந்து வளர்ந்தவன் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக்கு வருபவர்கள் மிகக் குறைவு என்பதும், வந்தவர்கள் பஸ் யன்னலில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதும் எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதலில் சிரமத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரிலிருந்து சீனக்குடாச் சந்தி வரையுள்ள பகுதி சைக்கிளுக்கு உகந்ததல்ல. மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் செல்லும் லொறிகள் அந்த வீதியில் ஓயாமல் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணிக்கு முன்பே அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டால் தொல்லை இருக்காது. ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டத் தொடங்கிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் சில காட்டுக்குள் தெரியும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு வீசியபோது இந்தப் பகுதியும் தாக்கப்பட்டது. விமானப்படைத் தளமும் அங்கேயே இருப்பதால் கமராவை வெளியில் எடுக்க வேண்டாம்.

சந்தியில் தெற்கே திரும்பியதும் வாகனம் குறைந்துவிடும். தம்பலகாமக் குடா கொட்டியாரக் குடாவோடு சேரும் வாயின் மீது நிற்கிறது கிண்ணியாப் பாலம். 2009இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். அதற்கு முன்னர் நாங்கள் பாதை என்று அழைக்கும் மிதவையில் ஏறி, சைக்கிளையும் ஆட்டையும் நெல்மூட்டையையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் நீரைக் கடந்தோம். பாலத்தின் நடுவில் நின்று மேற்கே பாருங்கள். நீங்கள் காணும் அந்த ஆழமற்ற சேற்றுக் குடாவில்தான், ஓட்டின் வழியே வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தட்டைச் சிப்பி விளைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அதன் முத்துக்காக அந்தக் குடா குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. குடாவின் மறுகரையில் தெரியும் வயல்வெளி தம்பலகாமம். கோணேசர் கோயில் இடிபட்ட பிறகு மறைத்துக் காக்கப்பட்ட திருவுருவங்கள் பின்னர் எழுந்தருளிய இடமாக மரபு போற்றும் ஆதிகோணநாயகர் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் அந்த வயல்களைப் பார்ப்பதற்கு ஒரு தனி நாள் ஒதுக்குவது தகும். மூதூர்ப் பயணத்தோடு அதைச் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

கிண்ணியா ஊருக்குள் காலை உணவை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் உப்பாறு, மகாவலிக் கங்கை, இறால்குழி என்று நீர் மாறி மாறி வரும், பாலமும் மாறி மாறி வரும். நாட்டின் மிக நீளமான ஆறாகிய மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் கலப்பது இங்கேதான். ஆற்றின் நன்னீரும் குடாவின் உப்புநீரும் கலக்கும் சேற்றுநிலத்தில் கண்டல் செழித்து நிற்கிறது. அதன் வேர்களுக்கிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் இறாலின் பிறப்பிடமே அந்த வேர்க்காடு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். உப்பாற்றுப் பாலத்தில் சைக்கிளை ஓரமாக நிறுத்திப் பேசாமல் நின்றால் கூழைக்கடா, மீன்கொத்தி, செம்பருந்து, நீர்க்காகம் எல்லாவற்றையும் காணலாம். வெளிநாட்டிலிருந்து வலசை வரும் உள்ளான் இனங்கள் பங்குனி வரை இருக்கும் என்பதால் நீங்கள் தெரிந்தெடுத்த காலம் மிகப் பொருத்தமானது. கரையில் நிற்கும் தில்லை மரத்தின் கிளையை மட்டும் ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல் உண்டாகும், பார்வையையும் பாதிக்கும். ஆற்றிலும் வாய்க்காலிலும் முதலை உண்டு என்பதால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள்.

மாசியிலும் பங்குனியிலும் பெரும்போக அறுவடை நடக்கும். வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அந்த நெல்லின் மீது சைக்கிளை ஏற்றாமல் இறங்கி உருட்டிச் செல்லுங்கள். எங்கள் மக்கள் அதை ஒரு பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது மூதூர். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, புயலில் சேதமடைந்த கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவில் தங்கியிருந்த தன் தந்தையோடும் மற்ற மாலுமிகளோடும் 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டது இங்கேதான். 19 ஆண்டுகளுக்குப் பின் தப்பிச் சென்ற அவர் 1681இல் வெளியிட்ட நூல்தான், அன்றைய கண்டி இராச்சியத்தின் வாழ்க்கையை வெளியுலகுக்கு விரிவாகச் சொன்னது. ஆசிரியையான நீங்கள், அந்த நிகழ்வு நடந்த கரையில் நின்றுகொண்டு அதைச் சொல்வதற்கும் வகுப்பறையில் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வீர்கள்.

மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் வழியாகச் சம்பூர் செல்லும் வீதியைத் தவறவிட வேண்டாம். கட்டைபறிச்சான் பாலத்தடியில் இருக்கும் கண்டல் இந்தப் பயணத்திலேயே மிக அடர்ந்தது. அதன் பிறகு கடற்கரைச்சேனை, சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா என்று சிறிய கிராமங்கள் வரும். 2006இல் முழுமையாக இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள், நெடுங்காலம் முகாம்களில் இருந்துவிட்டு, 2015இல் காணி விடுவிக்கப்பட்ட பின்புதான் மீண்டும் வந்து வீடு கட்டினார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலில் இறங்கி வணங்குங்கள், கடையில் இளநீர் குடியுங்கள், பேச வருபவர்களோடு பேசுங்கள். ஆனால் போர்க் காலத்தைப் பற்றி நீங்களாகக் கேள்வி தொடங்காதீர்கள், உடைந்த வீடுகளைப் படம் எடுக்காதீர்கள். வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்குவதும் வேண்டாம்.

பதில்: சைக்கிள் திருத்துநர், திருகோணமலை நகரம்

இரண்டு வழிகளையும் நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். நான் காற்றையும் சைக்கிளையும் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கியர் இல்லாத சைக்கிளில் செல்பவருக்கு மேடு பள்ளத்தைவிடக் காற்றுத்தான் பெரிய சுமை.

தையிலும் மாசியிலும் இங்கே வாடைக் காற்று வீசும். வடக்கே செல்பவருக்குக் காலையில் அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. உடலில் வலு இருக்கும்போது எதிர்த்துச் சென்று களைத்த பின் காற்றோடு வருவது நல்ல அமைப்பு. மூதூர் செல்பவருக்கு வாடை பெரும்பாலும் பக்கக் காற்றாகவே படும். பாலங்களின் மீது மட்டும் ஹேண்டிலை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதே பயணத்தை ஆனி, ஆடியில் வைத்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது வீசும் கச்சான் காற்று, மூதூருக்குப் போகும்போது பின்னால் நின்று தள்ளிவிட்டு, பிற்பகலில் திரும்பும்போது நெருப்புச் சூட்டோடு முகத்தில் அடிக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எந்தப் பக்கமும் வேண்டாம். மழையில் மகாவலி பெருகினால் மூதூர் வீதியில் நீர் ஏறிவிடும். தைப்பொங்கலை ஒட்டியும் சில ஆண்டுகளில் மழை நீடிப்பதுண்டு என்பதால் மாசி நடுப்பகுதிக்குப் பின் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு மிகுதி. வீட்டில் நெடுநாள் நிறுத்தி வைத்திருந்த சைக்கிளின் செயினும் பிரேக் கம்பியும் வெளியில் தெரியாமலே கறள் பிடித்திருக்கும். புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெயிட்டு, பிரேக் கட்டைகளையும் கம்பிகளையும் மாற்றிவிடுங்கள். பழைய ரியூப்பை நம்பிப் புறப்பட வேண்டாம். உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரை வீதியோரங்களில் நெருஞ்சியும் முட்செத்தையும் இருக்கின்றன. சம்பூர்ப் பக்கத்துக் கிரவல் வீதியில் கூர்க்கல் இருக்கிறது. ஆளுக்கொரு புதிய ரியூப், நால்வருக்கும் பொதுவாக ஒரு பம்பும் ஒட்டும் சாமானும் போதும். கடல் மணலில் சைக்கிளை ஓட்டாதீர்கள், உருட்டுங்கள். அச்சுக்குள் மணல் போனால் பந்துக் குண்டுகள் தேய்ந்துவிடும்.

பிள்ளையின் சைக்கிளின் இருக்கையை அவளது உயரத்துக்கு ஏற்ப உயர்த்திக் கொடுங்கள். தாழ்ந்த இருக்கையில் 60 கிலோமீற்றர் ஓட்டினால் மறுநாள் முழங்கால் மடங்காது. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தலைக்குத் தொப்பி, மாலையில் ஒளிரும் பட்டி ஆகியவை அவசியம்.

உவர்மலை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாசி கடைசி வாரத்தில் முதல் நாள் மூதூருக்கும் சம்பூருக்கும் சென்று மூதூரில் தங்கி, மறுநாள் திரும்புவது என்று ஏறக்குறைய முடிவுசெய்துவிட்டோம். இன்னும் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. மறுநாள் திரும்புவதற்குப் பதிலாக வெருகல் வரை சென்று சித்திரவேலாயுதரைத் தரிசித்துவிட்டு வரலாமா? என் தம்பி மனைவிக்கு அங்கே நேர்த்தி ஒன்று இருக்கிறது.

கொட்டியாரபுரம்

நேர்த்தி இருப்பதால் வெருகலுக்குக் கட்டாயம் செல்லுங்கள், சகோதரி. ஆனால் சைக்கிளில் செல்ல வேண்டாம். மூதூரிலிருந்து தோப்பூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று வழியாக அது நீண்ட தூரம். போய்வர உங்களுக்கு மேலும் இரண்டு நாள் வேண்டும். சேருநுவரவுக்கு அப்பால் காடு அடர்ந்த பகுதிகளில் யானை பகலிலும் வீதியைக் கடக்கும், நிழலோ கடையோ இல்லாத தூரங்களும் உண்டு. மூதூரில் தங்கும் இடத்திலேயே சைக்கிள்களைப் பூட்டி வைத்துவிட்டு, காலையில் மட்டக்களப்புப் பஸ்ஸில் ஏறினால் வெருகல் ஆற்றங்கரையில் இறங்கலாம். கோயில் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. உச்சிக்காலப் பூசை முடிந்ததும் அதே வழியில் பஸ்ஸில் திரும்பி மூதூரில் இரண்டாம் இரவையும் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் அதிகாலையில் நகரத்துக்குப் புறப்படுங்கள். அவ்வாறு செய்தால் லொறிகள் மிகுந்த சீனக்குடாப் பகுதியை ஒன்பது மணிக்கு முன்னர் கடந்துவிடலாம்.

எருமைத் தயிர் வாங்குவதாக இருந்தால் போகும்போது வாங்காமல், திரும்பும்போது கிண்ணியாவுக்கு இப்பால் வீதியோரத்தில் விற்பவர்களிடம் வாங்குங்கள். சட்டியைச் சைக்கிளின் கரியரில் கட்டாமல் துணிப் பையில் வைத்து ஹேண்டிலில் தொங்கவிட்டால் உடையாமல் உவர்மலை வரை வந்து சேரும்.